ஆண்டவர்மேல் மனத்தாங்கல் உள்ள பிள்ளைகளுக்கு

திடப்படுத்தல் பெற்று, முதல் நற்கருணை எடுத்து, வாலிபர் கூட்டத்துக்கு வரத் தொடங்கியிருக்கும் தம்பி தங்கச்சிமாருக்கு இதை எழுதுகிறேன். புதிதாக விசுவாசத்துக்கு வந்த பெரியவர்களும் வாசிக்கலாம். திருநெல்வேலிப் பக்கத்துச் சேகரங்களில் குருவாக இருந்து ஓய்வு பெற்றவன் நான். திடப்படுத்தல் வகுப்பில் பத்துக் கற்பனை, விசுவாசப் பிரமாணம், கர்த்தருடைய ஜெபம் எல்லாம் உங்களுக்குச் சொல்லிக் கொடுத்திருப்பார்கள். ஊரே கூடி ஜெபித்தும் அம்மா இறந்துபோனால் என்ன செய்வது, உபவாசம் இருந்து எழுதிய நீட் தேர்விலும் இடம் கிடைக்காவிட்டால் யாரிடம் போய்க் கேட்பது என்பதெல்லாம் அந்த வகுப்பில் வராது. வேதப்புத்தகத்தில் வருகிறது. அங்கிருந்து எடுத்தவைதான் கீழே இருப்பவை.

1. வருத்தம் வந்துவிட்டதே என்று பயப்படாதீர்கள்.

‘ஆண்டவர்மேல் கோபம் வருது ஐயா, இது பாவமா?’ என்று வாலிபப் பிள்ளைகள் தணிந்த குரலில் கேட்பார்கள். பக்கத்தில் யாராவது இருக்கிறார்களா என்று பார்த்துக்கொண்டுதான் கேட்பார்கள். சங்கீதங்கள் 150. அவற்றில் மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாமல் முறையீடும் புலம்பலும்தான். 13ஆம் சங்கீதம் தொடங்கிய இரண்டே வசனங்களுக்குள், இன்னும் எவ்வளவு காலம் என்ற கேள்வி நான்கு தடவை வந்துவிடுகிறது. பெரும்பாலான புலம்பல் சங்கீதங்கள் கடைசியிலாவது ஒரு நம்பிக்கைச் சொல்லுக்கு வந்து சேரும். 88ஆம் சங்கீதம் அதற்கும் வருவதில்லை. இருட்டில் தொடங்கி இருட்டிலேயே முடிகிறது. சங்கீதங்களைத் தொகுத்தவர்கள் அதை நீக்கிவிடவில்லை. கடைசியில் ஒரு ஸ்தோத்திரத்தைச் சேர்த்துச் சரிக்கட்டவும் இல்லை.

நம் வீட்டுச் சுவர்களில் 23 இருக்கிறது, 91 இருக்கிறது, 121 இருக்கிறது. 88ஐச் சட்டம் போட்டு மாட்டிய வீடு எதையும் நான் பார்த்ததில்லை. மாட்டச் சொல்லவும் இல்லை. ஆனால் அது வேதத்தில்தான் இருக்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். ஆண்டவர் இருக்கிறார், நம்மைக் கவனிக்கிறார் என்று நம்புகிறவனுக்குத்தான் அவர் பேசாமல் இருப்பது வலிக்கும். நம்பாதவனுக்கு அதில் வருத்தப்பட என்ன இருக்கிறது?

2. அவரைப் பற்றிப் பேசுவதைவிட அவரிடமே பேசுங்கள்.

எண்ணாகமம் 11ஆம் அதிகாரத்தை ஒரு தடவை நிதானமாக வாசியுங்கள். ஒரே அதிகாரத்தில் இரண்டு முறையீடுகள் வருகின்றன. ஜனங்கள் தங்கள் கூடார வாசலில் நின்று, எகிப்தில் தின்ற மீனையும் வெள்ளரிக்காயையும் நினைத்து அழுகிறார்கள். மோசேயும் புலம்புகிறார், அதுவும் ஜனங்களைவிடக் கடுமையாக. இத்தனை பேரையும் நானா பெற்றேன், இப்படி நடத்துவதானால் என்னைக் கொன்றுபோடும் என்கிற அளவுக்குப் போய்விடுகிறார். ஜனங்கள்மேல் ஆண்டவரின் கோபம் மூள்கிறது. மோசேக்கோ, பாரத்தைப் பகிர்ந்து சுமக்க எழுபது மூப்பர் கிடைக்கிறார்கள். ஜனங்கள் ஆண்டவருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு தங்களுக்குள் பேசிக்கொண்டார்கள். மோசே அவர் முகத்துக்கு நேரே கேட்டார். நான் பார்க்கிற வித்தியாசம் அதுதான்.

எப்படிக் கேட்பது? வீட்டு மொட்டைமாடிக்குப் போங்கள், இல்லாவிட்டால் ஆளில்லாத நேரமாகப் பார்த்துக் கோயிலுக்குள் போய் உட்காருங்கள். ‘மகா பரிசுத்தமும் கிருபையும் நிறைந்த’ என்று ஆரம்பித்தால் அந்த மொழியே உங்களை இழுத்துக்கொண்டு போய் ஸ்தோத்திரத்தில் விட்டுவிடும். அம்மாவிடம் சண்டை போடும்போது பேசுகிற தமிழிலேயே பேசுங்கள். வாய் வரவில்லை என்றால் ஒரு நோட்டில் எழுதுங்கள். அழுகை வந்தால் அழுதுவிடுங்கள். அன்னாள் ஆலயத்தில் உதடு மட்டும் அசைய அழுதபோது, ஆசாரியனான ஏலி அவள் குடித்திருக்கிறாள் என்று நினைத்தார். உங்களையும் நாலு பேர் தப்பாக நினைக்கலாம். நினைத்துவிட்டுப் போகட்டும்.

3. வாக்குக் கொடுத்தது யார் என்று பாருங்கள்.

இதைக் கொஞ்சம் நீட்டித்தான் சொல்ல வேண்டும். என்னிடம் வந்த மனத்தாங்கல்களில் பாதிக்கு மேல் இந்த இடத்தில்தான் பிறந்தன.

டிசம்பர் 31 இரவு ஆராதனை முடிந்து, மணி பன்னிரண்டு அடித்து, ஒருவருக்கொருவர் கை கொடுத்து வாழ்த்திவிட்டு, வரிசையில் நின்று ஆளுக்கொரு வாக்குத்தத்த அட்டை எடுக்கிறோம். அச்சகத்தில் ஆயிரக்கணக்கில் அச்சடித்து வந்த அட்டைதான். ஆனாலும் கைக்கு வந்தது தனக்கென்றே ஆண்டவர் எழுதி அனுப்பிய கடிதம் என்று வைத்துக்கொள்கிறோம். ஃபிரிட்ஜ் கதவிலும் பைக் டேங்கிலும் ஒட்டுகிறோம். செப்டம்பர் மாதம் வேலை போய்விட்டால், ‘எனக்கு இந்த வருஷம் இப்படித்தானே வாக்குக் கொடுத்தார்’ என்று கேட்கிறோம்.

இந்த அட்டைகளில் அடிக்கடி வருகிற ஒரு வசனம் எரேமியா 29:11. நல்ல எதிர்காலத்தையும் நம்பிக்கையையும் தருவதாகச் சொல்கிற வசனம். பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போனவர்களுக்கு எரேமியா எருசலேமிலிருந்து எழுதிய கடிதத்தில் அது இருக்கிறது. அதற்கு முந்திய 10ஆம் வசனத்தை அட்டையில் போட மாட்டார்கள். எழுபது வருஷம் ஆகும் என்று அதில் இருக்கிறது. கடிதத்தை வாசித்தவர்களில் நாற்பது வயதுக்காரன் ஊர் திரும்ப வழியே இல்லை. அதனால்தான் வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், பிள்ளைகளுக்குக் கல்யாணம் செய்துவையுங்கள் என்று அதே கடிதத்தில் எரேமியா எழுதுகிறார். இதற்கு முந்தைய அதிகாரத்தில் அனனியா என்றொரு தீர்க்கதரிசி வருகிறார். இரண்டே வருஷத்தில் எல்லாம் சரியாகிவிடும் என்று ஆண்டவர் பெயரைச் சொல்லி ஆலயத்திலேயே அறிவித்தவர் அவர். அன்றைக்கு ஜனங்களுக்கு யாருடைய பேச்சு இனித்திருக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. அனனியா சொன்னதை நம்பியிருந்தவன் மூன்றாம் வருஷம் யார்மேல் கோபப்பட்டிருப்பான்? ஆண்டவர்மேல்தான்.

ஆகவே வருத்தம் வரும்போது ஒரு தாளை எடுத்து, ஆண்டவர் எனக்கு எதைத் தருவதாகச் சொன்னார் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன் என்று எழுதுங்கள். ஒவ்வொன்றுக்கும் எதிரில், இதை எனக்குச் சொன்னது யார் என்றும் எழுதுங்கள். டி.வி. பிரசங்கியார், கன்வென்ஷனுக்கு வந்த ஊழியர், ஜெபக்கூட்டத்தில் தரிசனம் சொன்ன அக்கா, உங்கள் சொந்த ஆசை என்று பல பெயர்கள் வரும். அவற்றை அடித்துவிட்ட பிறகும் ஏதாவது மிஞ்சும். அந்த மிச்சத்தை எடுத்துக்கொண்டு ஆண்டவரிடம் போங்கள். அட்டையைக் கிழித்துப் போடச் சொல்லவில்லை. ஒட்டுவதற்கு முன்னால் அந்த அதிகாரம் முழுவதையும் வாசித்துவிட்டு ஒட்டுங்கள்.

4. பொருத்தனையில் கவனம் தேவை. பாஸ் பண்ணினால் சாட்சி சொல்கிறேன், விசா கிடைத்தால் தசமபாகம் கொடுக்கிறேன் என்று பேரம் பேசிவிட்டு, கிடைக்காதபோது ஏமாந்துவிட்டதாக நினைக்கிறோம். அந்தப் பேரத்துக்கு அவர் சம்மதித்தார் என்று உங்களிடம் சொன்னது யார்?

5. முதலில் சாப்பிடுங்கள், தூங்குங்கள்.

எலியா சூரைச்செடியின் கீழே உட்கார்ந்து, போதும், செத்துப்போகிறேன் என்றார். ஆண்டவர் அவருக்குப் பிரசங்கம் பண்ணவில்லை. தூங்க விட்டார். தூதன் வந்து எழுப்பி, தழலில் சுட்ட அடையையும் தண்ணீரையும் காட்டினான். எலியா சாப்பிட்டுவிட்டு மறுபடியும் படுத்துக்கொண்டார். தூதன் இரண்டாவது தடவையும் வந்து சாப்பிடச் சொன்னான். ஓரேப் மலையில் நடந்த பேச்செல்லாம் அதற்குப் பிறகுதான்.

இரண்டு வாரமாகத் தூக்கம் வரவில்லை, சோறு இறங்கவில்லை, எதிலும் மனம் ஒட்டவில்லை என்றால் டாக்டரைப் பாருங்கள். மனநல மருத்துவரிடம் போவது விசுவாசக் குறைவு என்று சொல்கிறவர்கள் சுகர் மாத்திரையை மட்டும் நேரம் தவறாமல் போட்டுக்கொள்வார்கள். செத்துவிடலாம் என்ற எண்ணம் வந்தால் விடியும்வரை காத்திருக்காதீர்கள். அந்த இரவே வீட்டில் ஒருவரை எழுப்பிச் சொல்லுங்கள். யாரும் இல்லையென்றால் 14416 என்ற எண்ணுக்குக் கூப்பிடுங்கள், எந்த நேரமும் எடுப்பார்கள். தமிழ்நாட்டில் 104 என்ற எண்ணும் இருக்கிறது. உங்கள் குருவானவரையும் எழுப்பலாம், அவர் கோபித்துக்கொள்ள மாட்டார்.

6. ஆறுதல் சொல்ல வருகிறவர்கள் சொல்வதையெல்லாம் ஆண்டவர் கணக்கில் எழுதாதீர்கள்.

யோபுவின் சிநேகிதர் மூன்று பேரும் முதலில் செய்தது நல்ல காரியம். ஏழு நாள் இரவும் பகலும் அவரோடு தரையில் உட்கார்ந்து, ஒரு வார்த்தையும் பேசாமல் இருந்தார்கள். எட்டாம் நாளும் அப்படியே இருந்திருக்கலாம். அதன் பிறகு அதிகாரம் அதிகாரமாக அவர்கள் ஆண்டவருக்காக வாதாடுகிறார்கள். யோபு ஆண்டவரோடு வழக்காடுகிறார். 42ஆம் அதிகாரத்தில் தீர்ப்பு வருகிறது. வழக்காடியவர் சரியாகப் பேசினார், எனக்காக வாதாடிய நீங்கள் சரியாகப் பேசவில்லை என்று ஆண்டவர் அந்த மூவரையும் கடிந்துகொள்கிறார். அவர்களுக்காக யோபுதான் ஜெபிக்க வேண்டியிருந்தது.

நம் ஊரில் துக்கவீட்டுக்குப் போகிறவர்கள் வெறுங்கையோடு போனாலும் ஒரு விளக்கத்தோடு போய்விடுகிறார்கள். எல்லாம் நன்மைக்குத்தான், தோட்டத்தில் நல்ல பூவைத்தானே முதலில் பறிப்பார்கள், வீட்டில் ஏதாவது ஜெபக்குறைவு இருந்திருக்கும். பிள்ளையை இழந்த தாய் இதையெல்லாம் கேட்டுவிட்டு, இப்படியொரு ஆண்டவரா என்று மனம் உடைந்துபோவாள். அந்த ஆண்டவரைச் செய்தவர்கள் துக்கம் கேட்க வந்தவர்கள்.

2004 டிசம்பர் 26 ஞாயிற்றுக்கிழமை, கிறிஸ்துமஸுக்கு மறுநாள். கொளச்சலிலும் கொட்டில்பாட்டிலும் நாகப்பட்டினம் கரையிலும் கடல் உள்ளே வந்தபோது, செத்தவர்களில் முந்தின நாள் பூசையில் பாடிக்கொண்டிருந்தவர்கள் எத்தனையோ பேர். வேளாங்கண்ணியில் ஆலயம் தப்பியது. பண்டிகைக்கு வந்து கடற்கரையில் நின்ற யாத்திரிகர்கள் தப்பவில்லை. ஆலயம் தப்பியதை அற்புதம் என்று பேசினார்கள். கரையில் பிள்ளையைப் பறிகொடுத்தவர் காதில் அந்தப் பேச்சு எப்படி விழுந்திருக்கும்? 2017இல் ஒக்கிப் புயலில் போன தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை ஆட்களில் பலருக்கு அடக்கம் பண்ண உடலே கிடைக்கவில்லை. சீலோவாமில் கோபுரம் விழுந்து பதினெட்டுப் பேர் செத்ததைப் பற்றிப் பேசும்போது, அவர்கள் மற்றவர்களைவிடப் பெரிய பாவிகள் என்று நினைக்கிறீர்களா, இல்லை என்று இயேசு வெட்டிச் சொன்னார். ஏன் விழுந்தது என்று அவர் விளக்கம் கொடுக்கவில்லை. அவரே கொடுக்காத விளக்கத்தை நாம் கொடுக்க வேண்டாம்.

உங்கள் துக்கத்தில் யாராவது இப்படிப் பேசினால் தலையாட்ட வேண்டிய அவசியம் இல்லை. ‘வந்ததுக்கு நன்றி மாமா’ என்று சொன்னால் போதும்.

7. ஒரே முறையீட்டுக்கு ஒரே பதில் வரும் என்று எதிர்பார்க்காதீர்கள்.

லாசரு வியாதியாய் இருக்கிறான் என்று ஆள் அனுப்பியும் இயேசு இரண்டு நாள் கழித்துத்தான் புறப்பட்டார். பெத்தானியாவுக்கு வந்தபோது அடக்கம் பண்ணி நாலு நாள் ஆகியிருந்தது. மார்த்தாள் ஓடிவந்து, நீர் இங்கே இருந்திருந்தால் என் சகோதரன் செத்திருக்க மாட்டான் என்கிறாள். மரியாள் பிறகு வந்து அதையே சொல்கிறாள். மார்த்தாளிடம் உயிர்த்தெழுதலைப் பற்றிப் பேசினார். மரியாளிடம் எதையும் விளக்காமல், கல்லறை எங்கே என்று கேட்டுவிட்டு அழுதார். ஒரு பிள்ளைக்கு வசனம் வேண்டும், இன்னொரு பிள்ளைக்குக் கூட அழ ஆள் வேண்டும். உங்களுக்கு எது வேண்டுமோ அதைக் கேளுங்கள். ‘தாமதமாக வந்தீரே’ என்று சொன்னதற்காக இரண்டு பேரையும் அவர் கடிந்துகொள்ளவில்லை.

8. பதில் வராமலே போகலாம்.

இதைப் பிரசங்க மேடையில் சொல்கிறவர்கள் குறைவு. லாசரு எழுந்தான், ஆனால் சிறையிலிருந்து ஆள் அனுப்பி, வருகிறவர் நீர்தானா என்று கேட்ட யோவான் ஸ்நானன் விடுதலையாகவில்லை, அவர் தலை போயிற்று. எபிரெயர் 11ஆம் அதிகாரத்தை விசுவாச வீரர்களின் பட்டியல் என்பார்கள். 34ஆம் வசனத்தில் வாளுக்குத் தப்பியவர்கள் வருகிறார்கள், 37ஆம் வசனத்தில் வாளால் செத்தவர்கள் வருகிறார்கள். இரண்டு கூட்டத்தாருக்கும் ஒரே விசுவாசம். பவுல் தம் உடம்பிலிருந்த முள்ளுக்காக மூன்று தடவை வேண்டினார், முள் போகவில்லை. கெத்செமனேயில் இயேசு கேட்டதும் கிடைக்கவில்லை. சிலுவையில் அவர் ஜெபித்தது கைவிடப்பட்ட ஒருவனின் கேள்வியோடு தொடங்கும் 22ஆம் சங்கீதத்தை.

நம் பக்கத்திலேயே ஒருவரைச் சொல்லலாம். அயர்லாந்தில் பிறந்து 1895இல் இந்தியாவுக்கு வந்த ஏமி கார்மைக்கேல் அம்மையார், களக்காட்டுக்குப் பக்கத்தில் டோனாவூரில் குழந்தைகளுக்காக இல்லம் நடத்தியவர். 1931இல் ஒரு குழியில் விழுந்து அடிபட்டார். குணமாக வேண்டும் என்று அவருக்காக ஜெபிக்க ஆட்களுக்குக் குறைவில்லை. ஆனால் 1951இல் இறக்கும்வரை, ஏறத்தாழ இருபது ஆண்டுகள், பெரும்பாலும் தம் அறையிலேயே கிடந்தார். அங்கிருந்துதான் பல புத்தகங்களை எழுதினார். அவற்றில் ஒன்று நோயாளி ஒருவர் மற்ற நோயாளிகளுக்கு எழுதிய கடிதங்கள். நல்ல உடம்போடு இருப்பவர்கள் நோயாளிகளுக்கு எழுதும் ஆறுதல்கள் மனதில் ஒட்டுவதில்லை என்று அவருக்குத் தெரிந்திருந்தது. பார்த்தாயா, விழுந்ததால்தானே புத்தகம் வந்தது என்று இதைக் கணக்குப் போட்டு முடித்துவிடாதீர்கள். புத்தகங்கள் வந்தது உண்மை. வலி கடைசிவரை போகவில்லை என்பதும் உண்மை.

9. கோயிலுக்கு வருவதை நிறுத்தாதீர்கள்.

பாட முடியவில்லையென்றால் பாட வேண்டாம், கடைசிப் பெஞ்சில் உட்காருங்கள். சாட்சி நேரத்தில் வேலை கிடைத்தவர் எழுந்து ஸ்தோத்திரம் சொல்வார், வேலை போன உங்களுக்கு அது குத்தும். அந்த நேரம் வெளியே போய் வேப்பமரத்தடியில் நின்றுவிட்டு வாருங்கள், ஒன்றும் குறைந்துவிடாது. விசுவாசப் பிரமாணத்தைச் சொல்ல உங்களுக்கு வாய் வராத வாரம் மற்றவர்கள் சொல்லட்டும். தோமா முதல் ஞாயிறு மற்றவர்களோடு இல்லை. எட்டு நாள் கழித்து இருந்தார். அந்த எட்டு நாளும் அவர் நம்பவில்லை. ஆனாலும் மற்றவர்கள் அவரை வெளியே அனுப்பவில்லை, அவரும் போகவில்லை. அதனால்தான் இயேசு மறுபடி வந்தபோது அவர் அந்த வீட்டுக்குள் இருந்தார்.

10. சபையில் பட்ட காயத்தைத் தனியாகப் பிரித்து வையுங்கள். திருமண்டலத் தேர்தலைப் பார்த்துவிட்டு ஆண்டவரை வெறுத்தவர்கள் எனக்குத் தெரிந்து பலர். அந்தத் தேர்தலில் ஆண்டவர் வேட்பாளராக நிற்கவில்லை. ஆனால் குருவோ மூப்பரோ உங்களிடம் தகாதபடி நடந்துகொண்டிருந்தால் அது மனத்தாங்கலோடு முடிகிற விஷயம் இல்லை. வீட்டில் சொல்லுங்கள், தேவைப்பட்டால் போலீசில் சொல்லுங்கள். மன்னித்துவிடு என்று உங்களை அவசரப்படுத்துகிறவர்களுக்குக் காது கொடுக்காதீர்கள்.

11. சீக்கிரம் சரியாகிவிட வேண்டும் என்று உங்களை நீங்களே நெருக்காதீர்கள், மற்றவர்களையும் நெருக்காதீர்கள்.

யோபுவின் கதையைச் சொல்லும்போது, கடைசியில் எல்லாம் இரண்டத்தனையாய்த் திரும்பக் கிடைத்தது என்று சந்தோஷமாக முடித்துவிடுகிறோம். ஆடும் ஒட்டகமும் இரண்டு மடங்கு கிடைத்தது உண்மை. பிள்ளைகள் மறுபடியும் பத்துப் பேர்; செத்துப்போன பத்துப் பேர் திரும்பி வரவில்லை. அதே கடைசி அதிகாரத்தின் 11ஆம் வசனத்தைப் பலர் கவனிப்பதில்லை. ஆண்டவர் பேசி முடித்து, தீர்ப்புச் சொல்லி, யோபுவின் நிலைமையை மாற்றிய பிறகுதான் அவருடைய சகோதர சகோதரிகளும் பழைய அறிமுகக்காரர்களும் அவர் வீட்டுக்கு வந்து, கூட உட்கார்ந்து சாப்பிட்டு, அவருக்கு நேர்ந்த தீங்குக்காக ஆறுதல் சொல்கிறார்கள். சுழல்காற்றிலிருந்து ஆண்டவர் குரலையே கேட்ட மனுஷனுக்கும் அதற்குப் பிறகு ஆறுதல் தேவைப்பட்டது.

நம் சபைகளில் அடக்கத்துக்கு ஊரே வருகிறது. பதினாறாம் நாள் தாண்டினால் அந்த வீட்டுப் படியேற ஆளில்லை. உங்கள் வாலிபர் கூட்டத்தில் போன வருஷம் அப்பாவையோ அண்ணனையோ இழந்த பிள்ளை ஒன்று இருக்கும். இந்த ஞாயிறு ஆராதனை முடிந்ததும் இரண்டு பேராக அந்த வீட்டுக்குப் போங்கள். வேதப்புத்தகத்தைத் திறக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. சாப்பிடச் சொன்னால் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு வாருங்கள்.